காமிரா ஆடுது... வயிறு கலங்குது!

கையில் பிடித்த காமிராவில் எடுத்த படங்களைப் பார்த்தால் சிலருக்கு மட்டும் தலை சுற்றுவது ஏன்? திருநெல்வேலி டவுணிலிருந்து ஒரு சித்த மருத்துவர் விளக்குகிறார்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இன்றைய பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழ தூரத்தில் அசையாமல் பிடியுங்கள். இப்போது 'ஊஹூம், மாட்டேன்' என்று சொல்வது போலத் தலையை மட்டும் இடமும் வலமுமாக, விநாடிக்கு இரண்டு தடவை வீதம் லேசாக ஆட்டிக்கொண்டே ஒரு செய்தியைப் படியுங்கள். (கழுத்துவலி, கிறுகிறுப்பு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல்லிப் பாருங்கள்!) படிக்க முடிகிறதல்லவா?

அடுத்து, தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் பேப்பரை ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலைந்து போய் ஒரு வரி கூடத் தேறாது.

ஆட்டம் என்னவோ ஒன்றுதான். தலை ஆடினால் கண் சமாளிக்கிறது. பேப்பர் ஆடினால் திணறுகிறது. இந்த வித்தியாசம் ஏன் என்று புரிந்துவிட்டால், சில சினிமாப் படங்களைப் பார்த்துவிட்டு வரும்போது தலை கனத்து, வயிறு கலங்கி, 'வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும்' என்று ஆகிவிடுகிறதே... அந்தச் சங்கதியும் புரிந்துவிடும்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். இடைவேளைக்குள்ள எனக்குக் குமட்டிட்டு வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 'கண்ணாடி பவர் மாறிட்டோ', 'பிரஷரா இருக்குமோ', 'பித்தம் தலைக்கு ஏறிட்டோ' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கையில் பிடித்த காமிரா

சினிமாக் காமிராவை ஸ்டாண்டில் பூட்டியோ, தண்டவாளம் போட்டு டிராலியில் தள்ளியோ, கிரேனில் ஏற்றியோ படம் எடுப்பது ஒரு முறை. தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி எடுப்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறைக்கு வழி திறந்தது, 1937-ல் ஜெர்மனியில் வெளிவந்த 'ஆரிஃப்ளெக்ஸ்' என்கிற சிறிய 35 எம்.எம். காமிரா. அதன் வழியில் வந்த 'ஆரி 2சி' நம் ஊர்ப் படப்பிடிப்புகளிலும் நீண்ட காலம் உழைத்தது.

காமிரா லேசாக ஆடினால் 'இது ஜோடனை இல்லை, நிஜமாகவே நடக்கிறது' என்கிற எண்ணம் நமக்கு வருகிறது. 1966-ல் வந்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, செய்திப்படம் பார்ப்பது போலவே இருந்தது. 1995-ல் டென்மார்க் டைரக்டர்கள் சிலர் 'டாக்மி 95' என்று ஒரு சபதமே எடுத்துக்கொண்டார்கள். காமிரா கையில்தான் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி! நம் பக்கத்து மலையாளத்தில் 2019-ல் வந்த 'ஜல்லிக்கட்டு' படத்தில், தப்பி ஓடும் எருமையைத் துரத்துகிற கூட்டத்தோடு காமிராவும் மூச்சிரைக்க ஓடியதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே டைரக்டர்கள் இதை விவரம் தெரியாமல் செய்வதில்லை. பயம், அவசரம், நெரிசல் ஆகியவற்றைக் காட்ட இது ஒரு நல்ல கருவி. மருந்து மாதிரிதான், அளவு முக்கியம். அளவு கூடினால் என்ன ஆகும்? 1999-ல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜக்ட்' என்ற அமெரிக்கப் பேய்ப்படம் வந்தபோது, பார்த்தவர்களில் பலர் குமட்டுகிறது என்று பாதியில் எழுந்து வெளியே போனார்கள். 2008-ல் 'க்ளோவர்ஃபீல்டு' வெளியானபோது, 'இந்தப் படம் தலைசுற்றலை உண்டாக்கலாம்' என்று அமெரிக்கத் தியேட்டர்களில் எச்சரிக்கை அட்டையே வைத்தார்கள்.

காமிராவுக்குக் காது இல்லை!

காது என்றால் கேட்பதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். உள்காதில் இன்னொரு இலாகாவும் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள். உள்ளே ஒரு திரவம். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் சற்றுப் பின்தங்கி, 'திரும்பிவிட்டது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் அருகே இரண்டு சிறு பைகள். அவற்றில் சுண்ணாம்புச் சத்தால் ஆன மிக நுண்ணிய துகள்கள். தலை சாய்ந்தாலோ, வண்டி வேகமெடுத்தாலோ இவை சொல்லிவிடும். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஒரு ஏற்பாடு நம் காதுக்குள் இரவு பகலாக வேலை செய்கிறது.

காது அனுப்பும் செய்தி மூளையோடு நிற்பதில்லை. நேராகக் கண் தசைகளுக்கும் போகிறது. தலை வலப்பக்கம் திரும்பினால் கண்விழி அதே அளவு இடப்பக்கம் திரும்பி, பார்க்கும் காட்சியை அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஆகும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான்! அதனால்தான் தலையை ஆட்டிக்கொண்டே பேப்பர் படிக்க முடிந்தது. நடக்கும்போது நம் தலை அடிக்கு அடி குலுங்குகிறது. ஆனாலும் ரத வீதியில் நடக்கும்போது நெல்லையப்பர் கோயில் கோபுரம் குலுங்குவதாக நமக்குத் தோன்றுவதில்லை அல்லவா? காரணம் இதுவே.

பேப்பரை ஆட்டியபோது தலை அசையவில்லை. காது ஒன்றும் சொல்லவில்லை. கண் தன் சொந்த முயற்சியில் எழுத்தைத் துரத்த வேண்டியதாயிற்று. அப்படித் துரத்தத் தொடங்க அதற்குச் சுமார் பத்து மடங்கு நேரம் பிடிக்கிறது. அதற்குள் எழுத்து வேறு பக்கம் போய்விடுகிறது.

கையில் பிடித்த காமிராவில் நடப்பதும் இதுதான். அதற்குக் கண் இருக்கிறது. ஆட்டத்தைக் கழித்துவிடும் காது இல்லை. எடுப்பவரின் நடை, மூச்சு, தடுமாற்றம் எல்லாவற்றையும் அப்படியே பதிவு செய்து, ஸீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் கண்ணில் கொட்டிவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க 1975-ல் காரட் பிரவுன் என்ற அமெரிக்கர் 'ஸ்டெடிகாம்' என்ற கருவியைக் கண்டுபிடித்தார். உடம்பில் மாட்டிக்கொள்ளும் சட்டை, ஸ்பிரிங் வைத்த கை, எடையைச் சமன்செய்யும் தண்டு ஆகியவை சேர்ந்தது அது. எடுப்பவர் படி ஏறினாலும் காட்சி மிதந்து போகும். இப்போதைய நல்ல செல்போன்களில் ஆட்டத்தை உணரும் குட்டிச் சில்லு ஒன்றை வைத்து, அந்த ஆட்டத்தைக் கழித்துவிடுகிறார்கள். காமிராவுக்கு ஒரு காது பொருத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கண்ணுக்கும் காதுக்கும் வழக்கு

சரி, காட்சி கலங்கினால் கண்தானே வலிக்க வேண்டும்? வயிறு ஏன் கலங்குகிறது?

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது. 'ஆ! நம்ம வண்டி கிளம்பிட்டு' என்று ஒரு நொடி ஏமாறுகிறீர்கள். உடம்பு நகரவில்லை, கண் நகர்ந்ததாக நம்பிவிட்டது. திரை முழுக்க ஆடும்போதும் இதேதான். கண் 'நாம் ஓடுகிறோம், விழுகிறோம்' என்கிறது. காதோ 'இல்லவே இல்லை, நாற்காலியில் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு சாட்சிகளும் மாறி மாறிச் சொன்னால் மூளை என்ன தீர்ப்புச் சொல்லும்? பிரயாண வாந்திக்கு இந்த முரண்பாடுதான் அடிப்படை என்று ரீசன், பிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-ல் விரிவாக எழுதினார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இன்றும் ஏற்கும் விளக்கம் அது.

வாந்தி எதற்கு? 1977-ல் ட்ரீஸ்மன் என்ற அறிஞர் ஒரு சுவையான கருத்தைச் சொன்னார். ஆதிகாலத்தில் கண்ணும் காதும் முரண்பட்டால், விஷக்காயையோ விஷக்கீரையையோ தின்றுவிட்டோம் என்று அர்த்தம். எனவே உடம்பு வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது என்றார் அவர். இது முடிந்த முடிவல்ல, ஒரு கருத்து. ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டிய கருத்து.

எங்கள் சித்த மருத்துவத்தில் வாந்தியை 'உதானன்' எனும் மேல்நோக்குங்காலோடு சேர்த்துச் சொல்வோம். பித்தம் மிகும்போது வாயில் நீர் ஊறும், தலை கிறுகிறுக்கும், குமட்டும். ஆடும் படம் பார்த்து வருகிற தொந்தரவும் இதே வரிசையில்தான் வரும். முதலில் கொட்டாவி, பிறகு வாயில் நீர், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, முகம் வெளிறுதல், கடைசியில் குமட்டல். கொட்டாவியிலேயே உஷாராகிவிட்டால் வாந்தி வரை போகாது. 'படம் போர் அடிக்குது போல' என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

யாருக்கு அதிகம்?

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஜன்னல் ஓரம் தலை நீட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்ததுண்டா? அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடுகிறது. பின்னால் இருக்கும் நமக்குத் தெரியாது. சினிமாவிலும் காமிராமேன்தான் டிரைவர், நாம் பயணிகள். காமிரா அடுத்து எந்தப் பக்கம் வெட்டித் திரும்பும் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பிரயாணக் குமட்டல் அபூர்வம். அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இன்னும் கூடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் சுலபமாக வரும். திரை தந்திரம் செய்யும்போதும் ஏறக்குறைய இதே ஆட்கள்தான் அகப்படுகிறார்கள்.

டவுணில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பேரன் பேத்திகளோடு தியேட்டருக்குப் போனார். கடைசி நேர டிக்கெட், முன்வரிசை. முக்கால் மணி நேரத்தில் வாந்தி. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு மாறிவிட்டது. "ஆச்சிக்குப் பித்த உடம்பு, தியேட்டர் ஒத்துக்காது. ஆச்சி வீட்டைப் பாத்துக்கிடட்டும்." கல்யாண வீடியோ போட்டுப் பார்த்தபோதும் தலை சுற்றவே, அந்த அம்மாவே நம்பத் தொடங்கிவிட்டார். 'வயசாயிட்டு டாக்டர், இனி நமக்கு எதுக்கு' என்றார். பரிசோதித்ததில் ஒரு கோளாறும் இல்லை. பின்வரிசையில் உட்காரச் சொல்லி, கீழே எழுதியிருக்கிற சில யோசனைகளையும் சொல்லி அனுப்பினேன். அடுத்த படத்துக்கு முழுதாக உட்கார்ந்துவிட்டு வந்தார். பித்த உடம்பு என்ற பட்டம் ஒருவரை வீட்டோடு உட்கார்த்தி வைத்துவிடுகிறது பாருங்கள்!

இது பலவீனம் அல்ல. 1882-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், காது கேளாத பலரைச் சுற்றிவிட்டுச் சோதித்தார். அவர்களில் கணிசமானவர்களுக்குத் தலை சுற்றவே இல்லை! செவிப்புலனோடு சமநிலை உறுப்பும் பழுதாகியிருந்ததே காரணம். ஆக, வழக்கு நடக்கக் காது என்கிற சாட்சி உயிரோடு இருக்க வேண்டும். ஆடும் படம் பார்த்து உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்றால், அந்தச் சாட்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

தியேட்டரில் என்ன செய்யலாம்?

முன்வரிசை வேண்டாம். பார்வையின் ஓரங்களிலும் அசைவு தெரியும்போதுதான் 'நாமே நகர்கிறோம்' என்ற மயக்கம் வலுக்கிறது. நடுவுக்குப் பின்னால், வரிசையின் மத்தியில் உட்காருங்கள். திரையைச் சுற்றியுள்ள அசையாத சுவர் கண்ணில் படட்டும்.

கொட்டாவியும் வாய்நீரும் வந்தால் வாசல் விளக்கைப் போல அசையாத ஒன்றைப் பாருங்கள். காமிரா மிகவும் ஆடும் கட்டத்தில் இரு கண்களையும் மூடிக்கொள்ளுங்கள். வசனம் காதில் விழுமே, கதை எங்கே போய்விடப் போகிறது? தலையை நாற்காலியில் சாய்த்து, மூச்சை மெதுவாக விடுங்கள். வாந்தி வந்தேவிட்டால் வெட்கப்பட்டு அடக்காதீர்கள். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் வாந்தியையும் ஒன்றாகச் சித்த மருத்துவம் சேர்த்திருக்கிறது.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். நெய் சொட்டும் அல்வாவையும் பரோட்டாவையும் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். படம் முடிந்ததும் உடனே டூவீலரைக் கிளப்பாதீர்கள். கிறக்கம் தெளியும் வரை காற்றாட நின்றுவிட்டுப் போங்கள்.

வீட்டில் பெரிய டி.வி. என்றால் தள்ளி உட்காருங்கள். விளக்கை அணைத்துத் தியேட்டர் மாதிரி ஆக்க வேண்டாம். அறையின் சுவரும் அலமாரியும் தெரிந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஓடும் பஸ்ஸிலோ காரிலோ செல்போனில் படம் பார்ப்பது இரட்டை வம்பு: வண்டி ஆடுவது காதுக்குத் தெரிகிறது, கண்ணோ வேறு ஆட்டத்தைப் பார்க்கிறது!

அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது

இஞ்சி: சுண்டுவிரல் நுனியளவு இஞ்சியைத் தோல் சீவி, இடித்துச் சாறு பிழியுங்கள். சற்று வைத்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மேலே தெளிந்த சாறு அரைத் தேக்கரண்டியை எடுத்துத் தேன் கலந்து, படத்துக்கு அரைமணி முன்னால் சாப்பிடலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய நம் ஊர்ச் சொதிக்கு இஞ்சிப் பச்சடியைத் துணை வைத்த முன்னோர் விவரம் தெரிந்தவர்கள். 1982-ல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் இஞ்சித்தூள் சாப்பிட்டவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதை ஒத்துக்கொண்டன, சில ஒத்துக்கொள்ளவில்லை. எனவே இஞ்சி துணைதான், மந்திரம் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடல்புண், பித்தப்பைக்கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலக்காய்: ஒன்றை வாயில் போட்டு மெல்லலாம்.

உப்பு நாரத்தங்காய்: சிறு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு உப்பு ஆகாது. அவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் போதும்.

மாதுளை மணப்பாகு: சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும். பெரியவர்கள் இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் கலந்து குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம்.

பிரயாண வாந்திக்கான இங்கிலீஷ் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். படம் பார்க்க மாத்திரை போட்டுவிட்டுப் படத்தில் தூங்குவானேன்?

படத்தின் மேல் பழி போடாதீர்கள்

ஆடும் காமிராவால் வந்த தொந்தரவு, திரையை விட்டு விலகினால் கொஞ்ச நேரத்தில் தணியத் தொடங்கும். நன்றாகத் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் இருக்காது. கண்ணோ மூளையோ இதனால் கெடாது. ஆனால் கீழே சொல்வது இருந்தால் 'அந்தப் படத்தாலதான்' என்று சும்மா இருக்கக் கூடாது.

படுக்கையில் புரண்டாலே உலகம் சுழல்கிறதா? உள்காதுத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையை முறையாகத் திருப்பிப் படுக்க வைத்தே சரிசெய்துவிடுவார். ஒரு பக்கக் காதில் இரைச்சலோ கேளாமையோ சேர்ந்து வந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

திடீரென்று கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போதல், இரட்டையாகத் தெரிதல், நடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்தல்... இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டும் காட்சி வேறு சமாச்சாரம். 1997 டிசம்பரில் ஜப்பானில் 'போகிமான்' கார்ட்டூனின் ஒரு பகுதியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதே காரணம். திரையைப் பார்க்கும்போது குழந்தைக்கு நினைவு தப்பினாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நீங்களும் காமிராமேன்தான்!

இப்போது எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தில் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே செல்போனில் எடுத்து, துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறோம். அவர் அதைப் பெரிய டி.வி.யில் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? தேரோடு வயிறும் ஓடும்!

எடுக்கும்போது ஓரிடத்தில் நில்லுங்கள். முடிந்தால் தூணிலோ சுவரிலோ சாய்ந்துகொள்ளுங்கள். போனைப் படுக்கை வாக்கில் இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்து எடுக்காதீர்கள். ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். ஒரு காட்சியைப் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். பக்கவாட்டில் திருப்புவதானால் மெதுவாக, ஒரே திசையில்.

அடுத்த தடவை குடும்பத்தோடு படத்துக்குப் போகும்போது, பிரயாணத்தில் குமட்டுகிறவர் வீட்டில் யார் என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கேற்ற வரிசையில் டிக்கெட் எடுங்கள். பாதிப் படத்தில் ஆச்சியோ பிள்ளையோ 'தலை சுத்துது' என்றால், கேலி செய்யாமல் வெளியே காற்றுக்குக் கூட்டிப் போங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.